வேண்டிக்கொள்ளாதவள் தின்ற ஆப்பிள்

என் கணவர் ஆதிமூலம் இறந்தபோது தேரடி வீதி முனையில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். அதில் அவர் படத்தைவிட, பழ வியாபாரிகள் சங்கத் தலைவர் ராஜேந்திரனின் படம் சற்றுப் பெரியதாக இருந்தது. கைகூப்பி, தலையை லேசாகச் சாய்த்து, உதட்டோரம் ஒரு சிரிப்பு. ஆறு மாதம் கழித்து அதே முனையில் இன்னொரு பேனர் வந்தது. 'போலந்து நாட்டு ஆப்பிள் விவசாயிகளுடன் நிரந்தர வர்த்தக உறவு காணப் புறப்படும் எங்கள் தலைவரே!' அதே கைகூப்பல், அதே சாய்வு, அதே சிரிப்பு. துக்கத்துக்கும் போலந்துக்கும் அவருக்கு ஒரே முகம் போதுமானதாக இருந்தது.

எங்கள் கடை பழ மொத்த வியாபாரம். பங்குனி மாதத்தில் ஒரு காலை, லாரியிலிருந்து இறங்கிய ஆரஞ்சுப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அதன்மேல் சாய்ந்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் அவரை நிமிர்த்தினார்கள் என்று யாரோ பிறகு என்னிடம் சொன்னார்கள். நான் நம்பவில்லை. மறக்கவும் இல்லை.

காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போதே அவருடைய தம்பி அர்ஜுனன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, நீங்க இன்னாத்துக்கு வெயில்ல வந்து கஷ்டப்படணும்? கடைய நான் பாத்துக்கறேன்."

"நீ இன்னா பாத்துப்ப?"

"எல்லாந்தான். கல்லால உக்காருவேன்."

வியாபாரத்தைப் பற்றி அவனுக்கு இருந்த அறிவை இவ்வளவு நேர்மையாக அவன் வேறு எப்போதும் வெளியிட்டதில்லை.

எனக்கு அந்தக் கடை வேண்டும். அதை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது, வேறு துணையும் இல்லை. பிள்ளைகள் இல்லாத எங்களுக்கு இருபது வருஷமாகப் பேச்செல்லாம் பழத்தைப் பற்றித்தான். ஆனால் கடை என்னிடம் இருந்தால் மட்டும் போதுமா? அதில் சரக்கு இருக்க வேண்டும். அவருடைய வாய்வார்த்தைக்கு வெளிநாட்டுப் பழம் அனுப்பிக்கொண்டிருந்த சென்னை இறக்குமதிக்காரர், அவர் போனதும் மற்ற ஊருக்கெல்லாம் கொடுத்து மிஞ்சியதை எங்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார். மிஞ்சியது என்றால் தொட்டால் விரல் உள்ளே போகும் ஆப்பிள். உறவுக்காரர்கள் கூடினார்கள். காப்பி குடித்தார்கள். தீபம் வரைக்கும் நான் பார்க்கலாம், தீபத்துக்கு நல்ல சரக்கு இல்லாமல் கடை வெறுமனே நின்றால் அர்ஜுனன் பார்ப்பான் என்று முடிவு செய்துவிட்டு எழுந்தார்கள். கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை கொள்ளாத கூட்டம் வரும். அந்த ஒரு வார விற்பனைதான் வருஷத்தைத் தாங்கும். என்னைத் தோற்கடிக்க அவர்கள் நல்ல நாளாகத்தான் பார்த்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் போலந்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே சில ஆப்பிள் விவசாயிகள் சேர்ந்து, நடுவில் யாரும் இல்லாமல் நேரடியாகக் கடைக்காரர்களோடு வியாபாரம் செய்ய விரும்புகிறார்கள், வந்து தோட்டத்தைப் பாருங்கள் என்று. அழைப்பு கடை உரிமையாளர்களுக்கு. கடை அதற்குள் என் பெயருக்கு மாறியிருந்தது. அர்ஜுனன், தானே போகத் தயார் என்றான். அவனிடம் பாஸ்போர்ட் இல்லை. என்னிடம் இருந்தது, ஒரு தடவை மலேசியாவில் பத்துமலைக்குப் போய்வந்ததால். முருகன் அன்றைக்கே ஏதோ யோசித்திருக்க வேண்டும்.

ஆக, ராஜேந்திரன், சங்கப் பொருளாளர் கண்ணாயிரம், நான் என்று மூன்று பேர். பேனரில் நான் இல்லை. இடம் போதவில்லையாம்.

புறப்படுவதற்கு முன்பு கோயிலுக்குப் போய் வேண்டிக்கொள்வது என்று ராஜேந்திரன் ஏற்பாடு செய்தார். வேண்டுதலையும் அவரே எழுதி, பத்திரிகைக்காரர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டார். போலந்து ஆப்பிளின் முதல் பெட்டி அண்ணாமலையாருக்கு. அதுவரை அந்த நாட்டு ஆப்பிள் எங்கள் நாக்கில் படாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பழம் வாங்கப் போகிறவர்கள் பழத்தைத் தின்னமாட்டோம் என்று சத்தியம் செய்வதில் ஏதோ ஒன்று இடிக்கிறதே என்று எனக்குப் பட்டது. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

கோபுர வாசலில் ராஜேந்திரன் என்னை நிறுத்தினார்.

"தங்கச்சி, தப்பா நெனைச்சிக்காத. வருஷம் திரும்பாத வீடு. வேண்டுதல்ல நீ சேர வேணாம். நல்ல காரியம் பாரு."

"சரிண்ணா."

"மனசுல ஒண்ணும் வெச்சிக்காதமா."

"இல்லண்ணா. செருப்ப பாத்துக்கறேன்."

அவர்கள் உள்ளே போனார்கள். கடையின் சார்பில் அர்ஜுனனும் போனான். இறந்தது அவனுடைய கூடப்பிறந்த அண்ணன் என்பது அன்று காலை மட்டும் எல்லோருக்கும் மறந்துவிட்டது. நான் வெளியே நின்று அவர்களுடைய செருப்புகளுக்குக் காவல் இருந்தேன். ராஜேந்திரனுடைய செருப்பு புதிது. போலந்துக்காக வாங்கியது.

வார்சாவில் எங்களை அழைத்துப்போக நந்தினி என்று ஒரு பெண் வந்தாள். ஆரணிப் பெண். அங்கே கம்ப்யூட்டர் வேலையில் பல வருஷமாக இருக்கிறாள். அந்த ஊர் பாஷை தண்ணீர் மாதிரி பேசினாள். ராஜேந்திரனின் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, உள்ள இன்னா இருக்கு, அம்மிக்கல்லா?" என்று கேட்டாள். அரிசி, முறுக்கு, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அவல். புரட்டாசி மாதம் வேறு. உலக வர்த்தகத்தை விரிவுபடுத்த வந்த இரண்டு பேரும் ஓட்டல் அறையில் மின்சாரக் கெட்டிலில் சோறு வடிக்க முயன்று, கெட்டிலுக்கு அபராதம் கட்டினார்கள்.

மறுநாள் முதல் தோட்டம். லேசான தூறல். என் இடுப்பைவிடக் கொஞ்சம் உயரமான மரங்கள், கம்பி கட்டி வரிசை வரிசையாக, இலையைவிடப் பழம் ஜாஸ்தி. கண்ணாயிரம் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"இன்னா தங்கச்சி இது, நம்ம ஊர்ல கத்தரிக்கா செடிகூட இத விட உசரமா இருக்கும்."

தோட்டக்காரர் ஒரு பழத்தைப் பறித்து, சட்டையில் துடைத்து, பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டினார். கத்தி முனையிலேயே ராஜேந்திரனிடம் நீட்டினார். ராஜேந்திரன் கைகூப்பி, தலையை லேசாகச் சாய்த்து, சிரித்தார். பேனரில் இருந்தது போலவே. தோட்டக்காரர் கண்ணாயிரத்திடம் நீட்டினார். அவரும் கும்பிட்டார். என்னிடம் நீட்டுவதற்குள் ராஜேந்திரன் குறுக்கே வந்து, "சொல்லுமா, எங்களுக்கு வேண்டுதல் இருக்குனு" என்றார்.

நந்தினி சொன்னாள். தோட்டக்காரர் ஏதோ கேட்டார்.

"உங்க சாமி எப்ப சாப்பிடும்னு கேக்கறாரு."

"தீபத்துக்கு முன்னாடின்னு சொல்லுமா."

"அப்ப சாமி சாப்ட்டுட்டு வரட்டும், அப்பறம் பேசலாம்னு சொல்றாரு."

இரண்டாவது தோட்டக்காரர் இவ்வளவு பொறுமைசாலி இல்லை. தன்னுடைய பழத்தில் மருந்து இருக்கும் என்று நாங்கள் பயப்படுவதாக நினைத்துக்கொண்டார். வீட்டுக்குள் ஓடி பரிசோதனைச் சான்றிதழ்களை எடுத்துவந்து, ஒவ்வொன்றாக எங்கள் முகத்துக்கு நேரே பிடித்தார். பிறகு எங்கள் முன்னாலேயே ஒரு முழு ஆப்பிளைக் கடித்துத் தின்று, விதையைத் துப்பி, டிராக்டரில் ஏறிப் போய்விட்டார். திரும்பி வரவில்லை.

"இன்னாபா இவனுங்க," என்றார் கண்ணாயிரம். "பழம் வாங்க வந்தா பழத்த துன்னு துன்னுன்றானுங்க."

"வெள்ளக்காரனுக்குப் பக்தி கம்மி," என்றார் ராஜேந்திரன். "பரவால்ல, போட்டோ எடுத்துட்டோம் இல்ல?"

எடுத்திருந்தோம். ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு ராஜேந்திரன், கன்னத்தோடு வைத்துக்கொண்டு ராஜேந்திரன், காதில் வைத்துப் போன் பேசுவதுபோல் ராஜேந்திரன். வாயைத் தவிர எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை வந்த வேலை முடிந்தது. அவருக்குத் திருச்சியிலிருந்து வாழை வரும், கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழம் வரும். தீபத்துக்கு ஆப்பிள் இல்லாவிட்டாலும் அவர் கடையை யாரும் பூட்டப்போவதில்லை. வண்டியில் நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அர்ஜுனன் கல்லாவில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கடைசித் தோட்டம் மாரெக் என்பவருடையது. அன்று சாயங்காலம் அங்கேயும் ஒன்றும் நடக்காவிட்டால் மறுநாள் விமானம்தான். மாரெக் பெரிய உருவம், வெள்ளை மீசை. கண்ணாயிரம் பார்த்த உடனே அவருக்கு மாரியண்ணன் என்று பெயர் வைத்துவிட்டார். மாரெக்கும் பழத்தை வெட்டினார். நீட்டினார். இரண்டு பேரும் கும்பிட்டார்கள். நந்தினி இந்த முறை மொழிபெயர்க்கும்போது அவள் குரலிலேயே சோர்வு தெரிந்தது. மாரெக் அந்தத் துண்டைத் தரையில் போட்டார். கத்தியை மடக்கினார்.

"வீட்ல காப்பி இருக்கு, குடிச்சிட்டுப் போகச் சொல்றாரு," என்றாள் நந்தினி. "அவருக்கு வேலை இருக்காம்."

"நந்தினி," என்றேன். "எனக்கு ஒரு துண்டு வெட்டச் சொல்லும்மா."

ராஜேந்திரன் பதறிவிட்டார். "தங்கச்சி! சாமி விஷயம்!"

"நான் வேண்டிக்கலையேண்ணா. நீங்கதானே வேணாம்னீங்க."

"அதுக்காக?"

"வெளியதான் நின்னேன். செருப்பு பாத்துக்கினு."

கண்ணாயிரம் ராஜேந்திரனைப் பார்த்தார். ராஜேந்திரன் வானத்தைப் பார்த்தார். சாஸ்திரப்படி நான் சொன்னதில் ஓட்டை எதுவும் அங்கே தெரியவில்லை போலிருக்கிறது.

மாரெக் வெட்டிக் கொடுத்தார். காலையிலிருந்து இரண்டு முறுக்கு மட்டும்தான் தின்றிருந்தேன். கடித்தேன். புளிப்பென்றால் அப்படியொரு புளிப்பு. கண் மூடிக்கொண்டது.

"நல்லா இருக்கான்னு கேக்கறாரு."

"இல்லைன்னு சொல்லு. எங்க ஊர்ல இத ரசத்துக்குத்தான் போடுவாங்கன்னு சொல்லு."

"அப்படியேவா?"

"அப்படியே."

சொன்னாள். மாரெக் வயிறு குலுங்கச் சிரித்து, வீட்டுப் பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட்டார். அவர் மனைவி தெரேசா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இரண்டு பேருமாக என்னைக் கிடங்குக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே மார்கழிக் காலைபோல் குளிர். ஆள் உயரத்துக்கு மரப்பெட்டிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பழம் வெட்டினார்கள். ஒன்று மாவு மாதிரி இருந்தது, சொன்னேன். ஒன்று தித்தித்தது, ஆனால் தோல் பல்லில் மாட்டியது, சொன்னேன். அடுத்தது மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட பழம். கடித்ததும் சத்தம் கேட்டது. சாறு முழங்கை வரை ஓடியது. முழுவதையும் தின்றேன்.

"இதா?" என்று கேட்டாள் நந்தினி.

"இதுதான். ஆனா சின்னப் பழமா வேணும். உள்ளங்கையில அடங்கணும். தீபத்துக்கு வரவங்க ஒத்தப் பழம் வாங்கி தேங்கா தட்டுல வெப்பாங்க. பெருசா இருந்தா வெலைய கேட்டுட்டு போய்டுவாங்க."

மாரெக்குக்கு அது நம்பமுடியவில்லை. இரண்டாவது தடவை கேட்டார். அந்த நாட்டுக் கடைகளில் சின்னப் பழம் போகாதாம், சாறு பிழிகிற ஆலைக்குத்தான் தள்ளுவார்களாம். சின்னப் பழத்தைத் தேடி ஒருத்தி இவ்வளவு தூரம் வந்திருப்பதாக அவர் தெரேசாவிடம் சொல்ல, அந்த அம்மாள் தன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

அழைப்பு அனுப்பியபோது அவர்களிடம் இருந்த பெயர் ஆதிமூலம். அவர் யார் என்று கேட்டார்கள். சொன்னேன். நந்தினி மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போதே தெரேசா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சில்லென்று, காய்ப்புக் காய்த்து, என் கை மாதிரியே இருந்தது. ஊரில் ஆறு மாதமாக எல்லோரும் என்னிடம் ஆறுதலாகப் பேசினார்கள்; யாரும் தொடவில்லை.

"இப்ப கடைய யார் நடத்தறாங்கன்னு கேக்கறாரு."

"நான்," என்றேன்.

மாரெக் கை கொடுத்தார். அதற்குப் பிறகு மேசையில் ரொட்டி, வெண்ணெய், ஆப்பிள் போட்ட ஒரு பணியாரம் எல்லாம் வந்தது. வெளியே ராஜேந்திரனும் கண்ணாயிரமும் காரில் உட்கார்ந்து அவலை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பணியாரத்திலும் ஆப்பிள் இருந்ததே, பாவம்.

ஊர் திரும்பியபோது தேரடி வீதி முனையில் புது பேனர் இருந்தது. 'தலைவரின் அயராத முயற்சியால்' என்று தொடங்கி, கன்னத்தோடு ஆப்பிள் வைத்த படம். தீபத்துக்கு முன் ஒரு கண்டெய்னர் ஆப்பிள் வருகிறது, சங்கத்துக் கடைகளெல்லாம் பங்கு போட்டுக்கொள்வது என்று பேச்சு. மாரெக் அதை என் பெயருக்கு அனுப்பியிருக்கிறார் என்ற சின்ன விஷயத்தைப் பேனரில் சேர்க்க இடம் போதவில்லை.

அர்ஜுனன் சும்மா இருக்கவில்லை. டீக்கடை டீக்கடையாகப் போய்ச் சொன்னான். "எங்க அண்ணி இன்னா பண்ணிட்டாங்க தெரியுமா? சாமிக்கு வெக்கறதுக்கு முன்னாடியே துன்னுட்டாங்க. வருஷம் திரும்பல வேற. அந்த சரக்கு வெளங்குமா?" கவலை தாங்காமல்தான் சொன்னானாம். ஒரு வாரத்தில் ஊருக்கு வெளியே வேங்கிக்கால் வரைக்கும் அந்தக் கவலை பரவியிருந்தது.

கப்பல் சென்னை வந்த அன்று கண்ணாயிரம் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"தங்கச்சி, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஜனங்க ஒரு மாதிரி பேசறாங்க. இந்த தடவ என் பங்கு வேணாம்."

"மத்தவங்க?"

"அவங்களுக்கும் ஒண்ணும் இல்ல. வேணாம்றாங்க."

ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஒரு கண்டெய்னர் ஆப்பிள் மட்டும் எனக்கு இருந்தது.

முதல் பெட்டியை ராஜேந்திரன் வந்து கோயிலுக்கு வாங்கிக்கொண்டு போனார். பழத்தைத்தான் தொடமாட்டார்கள், போட்டோவை விடமுடியாது. நாதஸ்வரம், மாலை, முன்னால் பின்வாக்கில் நடக்கும் கேமராக்காரர். மற்ற பெட்டிகள் கடைக்குள் கூரை வரை அடுக்கி நின்றன. மறுநாள் விடிந்ததும் நான் கடைக்குப் போனபோது அர்ஜுனன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தான். உறவுக்காரர்கள் சாயங்காலம் வருவதாகச் சொன்னான்.

"விக்கலைன்னா விடுங்க அண்ணி. மனச போட்டு கொழப்பிக்காதீங்க. வீட்ல போயி படுங்க."

"படுக்கறேன். இரு, பெட்டிய பிரிச்சி வெச்சிட்டு போறேன்."

நான் பிரித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாகப் பழம் விற்கிற ஆராயி இறங்கினார். கூட நாலைந்து பெண்கள். எல்லோரும் பாதையில் கூடை வைப்பவர்கள்தான். ஆராயி கல்லாவைப் பார்த்தார்.

"அந்த துன்னு பாத்த ஆப்பிளு இங்கதானே?"

அர்ஜுனன் விழித்தான். "எது?"

"அதான்பா, யாரோ ஒரு அம்மா தோட்டத்துக்கே போயி, ஒவ்வொண்ணா கடிச்சி பாத்து வாங்கியாந்துச்சாமே. எங்க ஊரு டீக்கடையில பேசிக்கினாங்க."

"அது... சாமிக்கு முன்னாடி..."

"சாமிக்கு நேத்து வெச்சாச்சு, மேளம் போச்சே, பாத்தோம். போன தீபத்துக்கு ஒருத்தங்ககிட்ட வாங்கிட்டுப் போனேன், மேல பாத்தா தங்கம், உள்ள பூரா மாவு. வாங்கனவன்லாம் திரும்பி வந்து என் மூஞ்சிலயே வெட்டி எறியறான். வாங்கறவன் ஒருத்தனாவது துன்னு பாக்க வேணாமா? நீ துன்னியா?"

"நான் வேண்டுதல்..."

"அப்ப நீ எழுந்திரு. துன்ன அம்மா எங்க?"

நான் ஒரு பழத்தைத் துடைத்து அவரிடம் கொடுத்தேன். கடித்தார். சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. மீதியைப் பின்னால் இருந்தவளிடம் கொடுத்தார். அவளும் கடித்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள்.

அதற்குள் இன்னொரு ஆட்டோ வந்தது. அதற்குப் பின்னால் ஒரு குட்டியானை லாரி. மத்தியானத்துக்குள் கண்ணாயிரம் பையனை அனுப்பி, தன் பங்கு பத்திரமாக இருக்கிறதா என்று விசாரித்தார். ராஜேந்திரன் தானே வந்தார். சங்கம் என்றைக்கும் என் பக்கம்தான் என்று சொன்னார். அவருக்கு அப்போது வேண்டுதல் முடிந்திருந்தது. ஒரு பழத்தை எடுத்துக் கடித்து, "நான் செலக்ட் பண்ணதாச்சே" என்றார்.

அர்ஜுனன் வியாபாரி வீட்டுப் பிள்ளை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அவனுக்கும் தெரியும். அதெல்லாம் நடப்பதற்கு வெகு முன்னாலேயே, ஆராயி சொல்லி வாய் மூடுவதற்குள், அவன் கல்லாவிலிருந்து எழுந்துவிட்டான். அவனாகத்தான் எழுந்தான், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். வாசலுக்குப் போய், வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்துக் கூவ ஆரம்பித்தான்.

"வாங்க, வாங்க! எங்க அண்ணி துன்னு பாத்த ஆப்பிளு! போலந்து ஆப்பிளு! அண்ணி துன்னு பாத்தது!"

நான் போய்க் கல்லாவில் உட்கார்ந்தேன். அந்த நாற்காலி அவருடைய உயரத்துக்கு வாங்கியது. என் கால் தரையில் எட்டவில்லை. காலியான ஒரு பெட்டியைக் கவிழ்த்துக் காலுக்கு அடியில் போட்டுக்கொண்டு, ஆராயிக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்று கேட்டேன்.